அறுந்த இணைப்பும் அதைச் சொன்னவர்களும்

(எப்போதும்வென்றானில் மாணவர்கள், ஆசிரியர்கள், ஊர்ப் பெரியவர்கள் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொலைபேசிக் கம்பி வழியாக இணையத்தைப் பிடித்த காலம் ஒன்று இருந்தது. அந்த டயல்-அப் காலத்து மென்பொருள்களைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். இங்கே இருக்கும் மாணவர்களில் பலர் கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைத்த மோடம் என்ற பெட்டியைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். போன பொருளைப் பற்றி இப்போது எதற்குப் பேச்சு என்று தோன்றலாம். காரணம் இருக்கிறது.

ஒரு மென்பொருளின் புதிய பதிப்பு வெளிவரும்போது கூடவே ஒரு குறிப்பும் வரும். அதில் இரண்டு பகுதிகள். ஒன்று, புதிய வசதிகள். மற்றொன்று, நீக்கப்பட்ட குறைகள். முதல் பகுதியை விளம்பரத்தில் போடுவார்கள். இரண்டாவதைப் பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. ஆனால் அந்த இரண்டாம் பகுதியில் உள்ள ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஓர் ஆள் இருக்கிறார். எங்கோ ஓர் ஊரில் அவருக்கு இணைப்பு அறுந்திருக்கிறது. அதை அவர் எழுதிச் சொல்லியிருக்கிறார். புதிய வசதியை மென்பொருள் செய்கிறவரின் விருப்பம் கொண்டுவரும். குறைநீக்கத்தைக் கொண்டுவருவது கஷ்டப்பட்டவரின் புகார். யார் சொன்னார்களோ அவர்கள் குறை தீர்ந்தது. சொல்லாதவர்கள் குறை அப்படியே கிடந்தது. நான் இன்று சொல்ல வந்தது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதற்கான சாட்சியம்.

கம்பி இருந்த நிலைமை

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியது. தொடங்கிய நகரங்களில் அன்றைய மெட்ராஸும் ஒன்று. தனிநபர் கணக்குக்கு 250 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய். வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட். அந்த வேகத்தில் மோடம் வழியாக நொடிக்குச் சுமார் 960 எழுத்துகள் போகும். இன்று நீங்கள் கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தைச் சுருக்கி ஒரு மெகாபைட்டாக்கி அனுப்பினாலும், அன்று அது போய்ச் சேர ஏறக்குறைய 18 நிமிடம் பிடித்திருக்கும். அதுவும் லைன் ஒருமுறைகூடக் கட்டாகாமல் இருந்தால்.

நம் பக்கத்தில் யாராவது அன்று இணையத்தைத் தொட வேண்டுமென்றால் எஸ்.டி.டி. என்ற வெளியூர் அழைப்பைப் போட்டுத்தான் தொட வேண்டும். இணையக் கணக்கின் மணி ஒருபக்கம் ஓடும், எஸ்.டி.டி. மீட்டர் இன்னொரு பக்கம் ஓடும். தனியார் நிறுவனங்கள் இணையச் சேவை தரலாம் என்று 1998 நவம்பரில்தான் அனுமதி வந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்போவே அப்போதே களத்தில் இறங்கியது. 172 என்று தொடங்கும் எண்களை உள்ளூர் அழைப்புக் கட்டணத்தில் சுழற்றலாம் என்ற நிலை வந்த பிறகுதான் சிற்றூர்களில் பிரௌசிங் சென்டர்கள் தலைகாட்டின.

ஊருக்குள் தொலைபேசி வந்த கதையும் இதோடு சேர்ந்தது. 1984-இல் தொடங்கப்பட்ட தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட், கிராமங்களுக்கென்றே 128 முனைகள் கொண்ட சிறிய தொலைபேசி எக்ஸ்சேஞ்சை வடிவமைத்தது. குளிர்சாதனம் தேவையில்லை, தூசியையும் வெயிலையும் தாங்கும். அதன் முதல் எக்ஸ்சேஞ்ச் 1986-இல் கர்நாடகத்தின் கிட்டூரில் இயங்கத் தொடங்கியது. சி-டாட்டை உருவாக்கிய சாம் பிட்ரோடாவும் அவருடன் உழைத்த இளம் பொறியாளர்களும் வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சை அப்படியே வாங்கி வைக்காமல், இந்தியக் கிராமத்தில் என்ன கெட்டுப்போகும் என்று முதலில் கேட்டார்கள். அந்தக் கேள்விதான் அதன் வெற்றி.

ஆனால் எக்ஸ்சேஞ்ச் நன்றாக இருந்தால் மட்டும் போதாதே. கரிசல் மண்ணைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் கால் நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். மழை விழுந்தால் ஊதி, நெகிழ்ந்து, புதைத்ததையெல்லாம் இழுக்கும். அந்த மண்ணுக்குள் செம்புக் கம்பியைப் புதைத்து இணைப்புப் போட்டால் அதன் மூட்டுகள் என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள். மூட்டில் ஈரம் ஏறினால் லைனில் கொரகொரப்பு. பேசுகிறவர் அந்தக் கொரகொரப்புக்கு நடுவிலும் பேசிவிடுவார், "என்ன சொன்னீங்க?" என்று திரும்பக் கேட்பார். கணினிக்குத் திரும்பக் கேட்கத் தெரியுமா? தெரியும்படி யாரோ எழுதினால்தான் தெரியும். அந்த யாரோதான் டயல்-அப் மென்பொருளை எழுதியவர்கள்.

திரும்பக் கேட்கத் தெரிந்த மென்பொருள்

முதலில் புழங்கியது ஸ்லிப் என்ற முறை. 1988-இல் வெளியான அதன் விளக்க ஆவணம் மிகச் சிறியது. தகவலை அனுப்பு, முடிந்ததும் ஒரு முற்றுக்குறி போடு, அவ்வளவுதான். வழியில் எழுத்து கெட்டுப்போனதா என்று அது பார்க்காது. உங்கள் கணினிக்கு என்ன முகவரி என்பதையும் நீங்களே கையால் எழுதித் தர வேண்டும். அதன் குறைகளை அந்த ஆவணமே ஒளிக்காமல் பட்டியலிட்டது.

அந்தக் குறைகளைத் தீர்க்கப் பிறந்தது பி.பி.பி. அதன் இன்றைய அடிப்படை ஆவணமான ஆர்.எஃப்.சி. 1661 வந்த ஆண்டு 1994. ஒவ்வொரு தகவல் பொட்டலத்தின் கடைசியிலும் 16 பிட் சரிபார்ப்பு எண் ஒன்றை அது சேர்த்தது. கொரகொரப்பில் ஓர் எழுத்து கெட்டாலும் கணக்கு உதைக்கும்; அந்தப் பொட்டலம் தள்ளுபடியாகும்; மேலடுக்கு அதை மறுபடி அனுப்பும். முகவரியை இரு முனைகளும் தாமே பேசி முடித்துக்கொள்ளும். கடவுச்சொல்லைக் கேட்கவும் அதில் வழி இருந்தது.

அதற்கு முன்பே, 1990-இல், வான் ஜேக்கப்சன் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர் ஒரு காரியம் செய்தார். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் முன்னால் 40 பைட் தலைப்பு போகும். நொடிக்கு 960 பைட் போகும் லைனில் அந்தத் தலைப்புக்கு மட்டும் 40 மில்லி நொடிக்கு மேல் செலவாகும். ஒரே ஓர் எழுத்தைத் தட்டினாலும் அதே 40 பைட். தினமும் ஒரே வீட்டுக்குக் கடிதம் போடுகிறவர், தபால்காரருக்குத் தெரிந்த விலாசத்தை ஒவ்வொரு முறையும் முழுதாக எழுதுவானேன் என்று அவர் கேட்டார். மாறியதை மட்டும் அனுப்பினால் போதும் என்று காட்டினார். 40 பைட் தலைப்பு மூன்று முதல் ஐந்து பைட்டாகச் சுருங்கியது. மெதுவான கம்பியில் உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் அந்த 40 பைட்டின் கனம் தெரியும்.

விண்டோஸ் 3.1 வைத்திருந்தவர்களுக்கு இணையத்தின் வாசலைத் திறந்தவர் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவைச் சேர்ந்த பீட்டர் டாட்டம். அவர் எழுதிய டிரம்பெட் வின்சாக் என்ற மென்பொருளில் முதலில் ஸ்லிப் மட்டும்தான் இருந்தது. பிறகு வந்த வெளியீட்டில் பி.பி.பி. சேர்ந்தது. உலகமெங்கும் எண்ணற்றோர் அதைப் பயன்படுத்தினார்கள். ஆனால் அவர் கேட்ட சிறு தொகையைக் கொடுத்தவர்கள் குறைவு. உழைத்தவருக்குக் கூலி போகவில்லை என்பதையும் நாம் நினைவில் வைக்க வேண்டும்.

விண்டோஸ் 95 வந்தபோது டயல்-அப் வசதி அதற்குள்ளேயே வந்தது. ஆனால் எண்ணைச் சுழற்றிய பிறகு கறுப்புத் திரை ஒன்று வரும்; பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒவ்வொரு முறையும் அதில் தட்ட வேண்டியிருந்த இணைப்புகள் பல. அதைத் தானே செய்யும் கருவி குறுந்தகட்டின் ஒரு மூலையில் தனியாகக் கிடந்தது. 1996-இல் வந்த திருத்திய வெளியீட்டில்தான் அது இணைப்பு அமைப்புக்குள்ளேயே வந்து சேர்ந்தது. கேட்கச் சிறிய விஷயம். எஸ்.டி.டி. மீட்டர் ஓடும்போது கடவுச்சொல்லைத் தவறாகத் தட்டிய ஒருவருக்கு அது சிறிய விஷயமில்லை.

ஒரு வரியை அருகில் வைத்துப் பார்ப்போம்

லினக்ஸ் போன்ற யூனிக்ஸ் வகைக் கணினிகளில் இந்த வேலையைச் செய்தது பி.பி.பி.டி. என்ற மென்பொருள். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, ஆஸ்திரேலியாவில் பால் மெக்கரஸ் பல ஆண்டுகள் பராமரித்தது. அதன் ஒவ்வொரு வெளியீட்டோடும் 'இந்தப் பதிப்பில் என்ன புதிது' என்ற பட்டியல் வரும்.

அதன் 2.3 பதிப்பில் தேவைப்படும்போது மட்டும் தானே டயல் செய்யும் வசதி வந்தது. வேலை இல்லாமல் லைன் சும்மா கிடந்தால் தானே துண்டிக்கும்படியும் சொல்லி வைக்கலாம். அந்த மென்பொருள் வேறொன்றும் செய்யும்: எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு சிறு செய்தி அனுப்பிக் கேட்கும். சில முறை கேட்டும் பதில் இல்லையென்றால் போனை வைத்துவிடும். லைன் செத்த பிறகும் மீட்டர் ஓடிக்கொண்டிருந்த அனுபவம் உள்ளவர்கள் இந்த வசதியின் அருமையை அறிவார்கள்.

அதே மென்பொருளில் இன்னொரு பண்பு எனக்கு மிகவும் பிடிக்கும். இணைப்பு வராமல் போனால் வெறுமனே 'தோல்வி' என்று சொல்லிவிட்டு ஒதுங்காது. வந்த எழுத்துகளை ஆராய்ந்து, 'இந்த லைன் எட்டு பிட்டையும் சரியாகக் கடத்தவில்லை. வந்த எழுத்துகள் எல்லாவற்றிலும் மேல் பிட் சுழியமாக இருக்கிறது' என்று காரணத்தை எழுதி வைக்கும். படிக்கிறவருக்கு எங்கே கை வைப்பது என்று தெரிந்துவிடும். எட்டாவது பிட் நமக்கும் தொடர்புடையது. தமிழ் எழுத்துகளுக்கு அன்று புழங்கிய எட்டு பிட் குறிமுறைகளில் தமிழ் உட்கார்ந்திருந்த இடமே அந்த மேல் பாதிதான். வழியில் ஏதாவது ஒரு மென்பொருள் எட்டாவது பிட்டை உதிர்த்துவிட்டால் ஆங்கிலம் பிழைத்துக்கொள்ளும். தமிழ் குப்பையாகப் போய்ச் சேரும். 1998 பொங்கலன்று முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று, தமிழ் நூல்களை மின்னூலாக்கும் மதுரைத் திட்டத்தைத் தொடங்கியபோது, உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் நூல்களைத் தட்டச்சு செய்து மின்னஞ்சலில் அனுப்பினார்கள். அந்த உழைப்பு பத்திரமாகச் சேர, மின்னஞ்சல் மென்பொருளை எப்படி அமைக்க வேண்டும் என்று தமிழர்கள் ஒருவருக்கொருவர் எழுதிச் சொல்லிக்கொண்டார்கள்.

சொல்லாமல் போன குறை

இப்போது நம் பக்கத்துக்கு வருகிறேன். ரிசீவரை எடுத்ததும் வரும் டயல் டோன் எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. அமெரிக்காவில் 350, 440 ஹெர்ட்ஸ் ஒலிகள் இரண்டும் சேர்ந்து வரும். இந்தியாவில் 400 ஹெர்ட்ஸ் ஒலி, 25 ஹெர்ட்ஸில் அதிரும்படி வரும். அமெரிக்க ஒலிக்குப் பழகிய மோடம் நம் லைனில் காதை வைத்துவிட்டு, 'டயல் டோன் இல்லை' என்று சொல்லிவிடும். நம் காதுக்கு டோன் நன்றாகக் கேட்கும், மோடத்துக்குக் கேட்காது. இதற்கு மருந்து மிக எளியது. ஏ.டி.எக்ஸ்.3 என்ற கட்டளையை மோடத்துக்குக் கொடுத்தால், டோனுக்குக் காத்திருக்காமல் டயல் செய்யும். விண்டோஸில் அதற்கென ஒரு கட்டமும் இருந்தது; அதில் உள்ள குறியை எடுத்துவிட்டால் போதும்.

இந்த மருந்து எப்படிப் பரவியது? பிரௌசிங் சென்டர் நடத்திய தம்பிகள், கணினி பழுது பார்த்த அண்ணன்கள் வாய்வழியாக. பழைய எக்ஸ்சேஞ்ச் உள்ள ஊரில் டோன் முறையை விட்டுப் பல்ஸ் முறையில் டயல் செய்ய வேண்டும் என்பதையும் அவர்கள்தான் சொன்னார்கள். கெட்டிக்காரத்தனத்துக்குக் குறைவில்லை. ஆனால் 'எங்கள் நாட்டு டோன் இப்படி, உங்கள் மோடம் இப்படிச் செய்கிறது' என்று மென்பொருள் எழுதியவருக்கு எழுதிப்போட்டவர்கள் எத்தனை பேர்? நாம் சமாளித்துக்கொண்டோம். சமாளித்தது அடுத்த ஊர்க்காரருக்குப் பயன்படவில்லை. அவரும் முதலில் இருந்து சமாளிக்க வேண்டியிருந்தது.

மேலூர் சொல்லும் பாடம்

நமக்கு வடக்கே, மதுரைக்கு அப்பால் மேலூர் இருக்கிறது. 2001-இல் அங்கே கிராமங்களுக்கு இணையம் கொண்டுசெல்லும் 'சாரி' என்ற திட்டம் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி., அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஹார்வர்ட் ஆகியவை அதில் கைகோத்தன. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பம்தான் அதன் அடித்தளம். கோபுரத்திலிருந்து பத்துக் கிலோமீட்டர் தொலைவுக்குள் உள்ள கிராமத்தில் ஒரு சுவர்ப் பெட்டியை மாட்டினால் தொலைபேசியும் கிடைக்கும், 35 அல்லது 70 கிலோபிட் இணையமும் கிடைக்கும். கம்பி புதைக்க வேண்டாம்; மூட்டில் ஈரம் ஏறும் கவலை இல்லை. அந்தச் சுவர்ப் பெட்டியைக் கணினியோடு இணைத்ததும் நடந்தது என்ன தெரியுமா? அதே டயல்-அப், அதே பி.பி.பி. கம்பிதான் போயிற்று, இரு முனைகளும் பேசிக்கொண்ட மொழி மாறவில்லை.

அந்தத் திட்டத்தின்கீழ் திறந்த கிராம இணைய மையங்களில் இருந்து சான்றிதழ் கோரிக்கைகள் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் போயின. கண்ணைப் படம் எடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி ஆலோசனை கேட்டார்கள். உள்ளூர் இளைஞர்களும் பெண்களும் அந்த மையங்களை நடத்தினார்கள்.

சில ஆண்டுகளில் அவற்றில் பல மூடப்பட்டன. வருமானம் போதவில்லை என்பது ஒரு காரணம். பழுது வந்தால் தொடர்ந்து கைகொடுக்கத் தொழில்நுட்ப ஆதரவு கிடைக்கவில்லை என்பது இன்னொரு காரணம். ஏற்கெனவே கணினி கற்றிருந்தவர்கள் நடத்திய மையங்கள் கூடுதல் காலம் நின்றன என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். கருவியைக் கொண்டுவந்து மாட்டுவதோடு வேலை முடிவதில்லை. கெட்டால் யாரிடம் சொல்வது, சொன்னால் யார் கேட்பார் என்ற வழி இருந்தால்தான் கருவி ஊரில் நிலைக்கும்.

இன்னும் உயிரோடு இருக்கிறது

பி.பி.பி. செத்துப்போனது என்று நினைக்காதீர்கள். பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் இணைப்பு வைத்திருப்பவர்கள் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் போட்டு இணைகிறார்களே, அங்கே ஓடுவது பி.பி.பி.ஓ.இ.; 1999-இல் வந்த அந்த முறை, பழைய பி.பி.பி.யை ஈதர்நெட்டின் மேல் ஏற்றியதுதான். உங்கள் வீட்டு ரவுட்டருக்குள்ளும் மோடம் காலத்து மென்பொருளின் பேரப்பிள்ளை இருக்கலாம்.

அதனால்தான் 2020-இல் ஓர் அதிர்ச்சி வந்தது. பி.பி.பி.டி.யில் 17 ஆண்டுகளாக ஒரு பெரிய ஓட்டை இருந்ததை ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் கண்டுபிடித்தார். 2.4.2 முதல் 2.4.8 வரை எல்லாப் பதிப்புகளிலும் அது இருந்தது. எதிர்முனையில் இருப்பவர் தன் பெயரை அனுப்பும்போது, அதை வைக்க 256 பைட் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. பெயர் அதைவிட நீளமா என்று பார்த்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். பார்க்கும் வரியும் எழுதப்பட்டிருந்தது. ஆனால் பெயரின் நீளத்தைப் பார்ப்பதற்குப் பதிலாக அது வேறு கணக்கைப் பார்த்தது. அந்த நிபந்தனை எந்தக் காலத்திலும் உண்மையாகாது. அதாவது, காவலுக்கு ஒரு வரி இருந்தும் அது ஒருநாள்கூடத் தடுக்கவில்லை. விஷமி ஒருவர் நீளமான பெயரை அனுப்பிக் கணினியையே கைப்பற்ற முடியும். மூலநிரல் எல்லோர் கண்முன்னும் இருந்தது. ஆனாலும் ஒருவர் பொறுமையாகப் படித்துச் சொல்லும்வரை யாருக்கும் தெரியவில்லை. சொன்னதும் திருத்தம் வந்தது. அந்த நிபந்தனையை மாற்றி எழுதியதுதான் திருத்தம்.

நம் கையில் உள்ள வேலை

மாணவர்களே, இன்றைக்கு மோடம் இல்லை. ஆனால் சிக்னல் வந்து வந்து போகிறது. மானாவாரி விவசாயி ஒருவர் பயிர்க் காப்பீட்டுக்குப் பதிவு செய்ய மையத்துக்கு வருகிறார். உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் எத்தனை ஏக்கர் என்று படிவம் முழுவதையும் நிரப்பி முடிக்கும் நேரத்தில் இணைப்பு அறுந்தால், மறுபடி முதலில் இருந்து நிரப்பச் சொல்லும் தளங்கள் இன்றும் உண்டு. ஓ.டி.பி. வருவதற்குள் அதன் ஆயுள் முடிந்துபோகிறது. அறுந்தால் விட்ட இடத்தில் தொடர்வது எப்படி என்று 1990-களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். மெதுவான, நிலையில்லாத இணைப்புக்காகவே எழுதப்பட்ட டபிள்யூ-கெட் என்ற இறக்கக் கருவி 1996-இலேயே வந்துவிட்டது. அந்தக் காலத்தில் மென்பொருள் எழுதியவர்கள் தம் மேசையில் இருந்த மோசமான லைனை மனதில் வைத்து எழுதினார்கள். இன்று எழுதுகிறவர்கள் பலர் வேகமான இணைப்பில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். அறுந்துபோகும் இணைப்பு எப்படி இருக்கும் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

சொல்வதற்கும் முறை இருக்கிறது. 'நெட் வேலை செய்யவில்லை' என்று எழுதினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. என்ன கருவி, எந்தப் பதிப்பு, என்ன செய்தீர்கள், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், உண்மையில் என்ன நடந்தது, திரையில் வந்த செய்தி என்ன, சிக்னல் எப்படி இருந்தது, மறுபடி செய்தால் மறுபடி வருகிறதா என்ற எட்டு விவரங்களையும் வரிசையாக எழுதுங்கள். திரையைப் படம் எடுத்துச் சேருங்கள். ஆங்கிலம் சரளமாக வரவில்லை என்று தயங்க வேண்டாம். குறையைத் தெளிவாகச் சொல்லும் எளிய வாக்கியம் போதும். பதில் வராவிட்டால் மறுபடி எழுதுங்கள்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம். மென்பொருள் எழுதக் கற்றுக்கொடுக்கும்போது, இணைப்பு நடுவில் அறுந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். வெளியீட்டுக் குறிப்புகளைப் பிள்ளைகளுக்குப் படிக்கக் கொடுங்கள். உலகில் யார் யாருக்கு என்னென்ன கஷ்டம் வந்தது, அதை எப்படித் தீர்த்தார்கள் என்பதற்கு அதைவிட நேர்மையான பதிவு இல்லை.

அந்தக் குறிப்புகளில் டாஸ்மேனியா இருக்கிறது, கார்னகி மெலன் இருக்கிறது. கரிசல் காட்டிலிருந்து போன புகாரும் அதில் இடம்பெற வேண்டும். இன்று வீட்டுக்குப் போனதும், உங்களை வெகுநாளாகத் தொல்லைப்படுத்தும் ஒரே ஒரு குறையைத் தேர்ந்தெடுத்து, நான் சொன்ன முறையில் எழுதி, அந்த மென்பொருளைச் செய்தவர்களுக்கு அனுப்புங்கள். உங்களை நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான்.